கீழ்த்தட்டில் காயாத மங்கு

அண்ணி,

இன்று காலை மேல்வீட்டுப் பெண் சீனி கேட்டு வந்தாள். சிங்க்குக்குப் பக்கத்தில் பாத்திரம் காயவைக்கும் ரேக்கைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டாள். "எங்க வாங்கனீங்க அக்கா? ரொம்ப ஸ்டைலா இருக்கு லா," என்று கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டாள். கறுப்புக் கம்பி, இரண்டு தட்டு, ஓரத்தில் மூங்கில் பிடி. நான் சிரித்து வைத்தேன். அவள் போன பிறகு அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் தவறிப்போனதும் அலோர் காஜா தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, தெங்கேராவில் எங்களோடு இருக்க வந்தீர்கள். மூன்றாம் மாதமே உங்கள் இருமலைக் காசநோய் என்றார்கள். கிளினிக்கில் தாதி என்னிடம் நேராகவே சொன்னார்: "சோறு சாப்பிடுற மங்கு, கப்புல எல்லாம் ஒட்டாது. பயப்படாதீங்க." நன்றாகத் தலையாட்டினேன். வரும் வழியிலேயே இந்த ரேக்கை வாங்கினேன். அதுவரை எல்லார் மங்கும் ஒரே பிளாஸ்டிக் கூடையில்தான் காயும்.

நீங்கள் ரேக்கைத் தடவிப் பார்த்தீர்கள். "கடையில வெச்ச மாதிரியே இருக்கு லா. நம்ம கிச்சனுக்கு இவ்ளோ ஸ்டைலா?"

"மேல எங்களோடது, கீழ உங்களோடது அண்ணி. தேடாம எடுத்துக்கலாம்."

எவ்வளவு சாமர்த்தியம் எனக்கு! உங்கள் மங்கின் ஒரு சொட்டுகூட எங்கள் மங்கில் விழக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மேல்தட்டில் எங்கள் மங்குகள் வடித்த தண்ணீர் உங்கள் நீலப்பூ மங்கில் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சோறு போட எடுத்தபோது, அதைச் சாய்த்து நீரை வடித்துவிட்டு, "என் மங்கு மட்டும் காயவே மாட்டேங்குது லா," என்றீர்கள். நான் மீன் அலசுவதில் மும்முரமாக இருப்பதுபோல் நின்றேன்.

ஆறு மாத மாத்திரை முடிந்து, முழுக்கக் குணம் என்று டாக்டர் சொன்ன நாளில் கோயிலுக்குப் போய் வந்தீர்கள். சாப்பிட்டு மங்கைக் கழுவி, மேல்தட்டில் எங்கள் மங்குகளுக்கு நடுவே நிறுத்தினீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நீங்கள் அறைக்குப் போனதும் அதை எடுத்துக் கீழே வைத்தேன். மறந்துபோன கண்ணாடிக்காக நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நினைக்கவில்லை.

கதவருகில் நின்று பார்த்துவிட்டீர்கள். மங்கை எடுத்து முந்தானையில் துடைத்து, அறைக்கே கொண்டுபோய்விட்டீர்கள். பிறகு அது ரேக்குக்கு வரவேயில்லை. இரண்டு மாதத்தில் மாரடைப்பு. காரியத்துக்கு வந்தவர்கள், "நாத்தனா வீட்டுல ராணி மாதிரி இருந்தாங்க," என்றார்கள். நான் மறுக்கவில்லை.

முதலில் எனக்குப் பயம், உண்மை. டாக்டர் சொன்ன பிறகும் நான் செய்ததற்குப் பயம் என்று பேர் வைக்க வாய் வரவில்லை, அண்ணி.

இப்போது உங்கள் மங்கில்தான் சாப்பிடுகிறேன். கழுவி, கீழ்த்தட்டில்தான் வைக்கிறேன். அடுத்த வேளைக்கு எடுக்கும்போது ஈரமாகத்தான் இருக்கிறது. முந்தானையில் துடைத்துவிட்டுச் சோறு போட்டுக்கொள்கிறேன்.