பூவிழிக்கு ஒரு ஊசி

மார்ச் 3, காலை 9.10
நிலா, தென்முனைப் பயிர் நிலையம். எழுதுவது சுபத்ரா, தாவரவியல் பிரிவு. காற்றழுத்தம் சரி. கீரைத் தட்டுகள் சரி. தக்காளி மட்டும் வழக்கம்போல் வீம்பு பிடிக்கிறது.
இப்போது இங்கே நானும் என் கைக்குழந்தை பூவிழியும்தான். குறைமாதத்தில் பிறந்தவள், இதயத்தில் சின்ன ஓட்டை வேறு. நமக்கெல்லாம் வெறும் சளியாக வந்து போகும் மூச்சு வைரஸ் இவளுக்கு எமன். அதைத் தடுக்கப் போட்ட ஆன்டிபாடி ஊசியின் பலம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஊசியை வாங்கிவர என் கணவர் செந்தூரன் முகாமுக்கு வண்டி எடுத்துப் போயிருக்கிறார். இன்று வந்துவிடுவார்.

மார்ச் 3, மாலை 4.35
வண்டி வந்து, நிலையத்துக்கும் வெளிக்கும் நடுவே இரட்டைக் கதவு போட்ட இடையறையோடு பொருந்திவிட்டது. ஓடிப்போய்க் கதவின் லிவரைப் பிடித்தேன். வானொலியில் இருமல்.
"அம்மிணி, கதவத் தொறக்காத. முகாம்ல பாதிப் பேருக்குச் சளி. எனக்கும் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது."
"மருந்துங்க மாமா?"
"பத்திரமா இருக்குது."
கை லிவரை விட மாட்டேன் என்கிறது. ஆனால் இந்த நிலையம் முழுக்க ஒரே காற்று. அவர் உள்ளே வந்தால் அவர் விடும் மூச்சைத்தான் பூவிழியும் இழுப்பாள்.

மார்ச் 3, மாலை 5.20
வெளியிலிருந்து எது வந்தாலும் இடையறையில் வைத்து, காற்றை வெளியேற்றி, குளிரில் போட்டுத்தான் எடுப்போம். கிருமி தங்காது. பழக்கதோஷம், மருந்துப் பெட்டியை அங்கே வைத்துவிட்டு வண்டிக்குள் போனவர் சுவிட்சை அழுத்தப் போய்விட்டார்.
"ஐயோ மாமா, நிறுத்துங்க! மருந்து ஒறைஞ்சா குப்பையிலதான் போடோணும்!"
நிறுத்திவிட்டார். அப்படியென்றால் அவர் இருமிய காற்றோடுதான் நான் திறந்தாக வேண்டும். முகாம் டாக்டர் ரெஜினாவைக் கேட்டேன்.
"வேற வழியில்ல சுபத்ரா. மாஸ்க் போட்டுக்கங்க. சட்டுனு எடுத்துட்டு மூடிருங்க."

மார்ச் 3, மாலை 6.05
பெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பூவிழியின் தொடையில் ஊசி போட்டாயிற்று. வீறிட்டு அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். மருந்து உடம்பில் முழுப் பலத்துக்கு வரச் சில நாள் ஆகும் என்றார் டாக்டர். அதுவரை கதவு மூடியே இருக்கும்.

மார்ச் 5, மதியம் 1.15
செந்தூரனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இடையறை வழியாக ரசம், இன்ஹேலர், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் அனுப்புகிறேன். அவர் எடுத்துக்கொண்டு வண்டிக்கதவை மூடியதும் காற்றை வெளியேற்றிவிடுகிறேன். திரும்பிப் போக வண்டியில் பாட்டரி பத்தாது. முகாமில் எழுந்து நிற்கவே ஆளில்லையாம், உதவி எட்டாம் தேதிதான் வருமாம்.
"எப்படிங்க இருக்குது?"
"நல்லா இருக்குது, நல்லா இருக்குது. நீ சாமியப் பாரு."
சாமி என்பது பூவிழியை. அவர் எதையும் இரண்டு தடவை சொன்னால் அது பொய். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 6, காலை 11.40
காலையில் வைத்த சிலிண்டர் இடையறையில் அப்படியே நிற்கிறது. ஜன்னலில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. வானொலியில் வெறும் இழுப்பு, விசில் மாதிரி.
"மாமா, கொஞ்சம் எந்திரிச்சு எடுத்துக்கங்க. கெஞ்சிக் கேக்கறேன்."
"ம்."
மாஸ்க் போட்டுக்கொண்டு போனாலும் கையிலும் துணியிலும் கிருமியோடுதான் திரும்ப வேண்டும். போகாவிட்டால் அவர்... எழுதமாட்டேன். கடவுளே, எவரைக் காப்பாற்றச் சொல்கிறாய்?

மார்ச் 6, மதியம் 3.05
"ம்" கூட இல்லை. டாக்டர் லைனில் இருக்கிறார். நீங்கதான் முடிவு பண்ணணும் என்கிறார்.

மார்ச் 7, காலை 7.50
பூவிழி இருமினாள்.
பால் புரையேறியது என்று நினைத்தேன். மறுபடியும் இருமினாள். விலா உள்வாங்குகிறது. நான் யாரையும் உள்ளே விடவில்லை. மருந்துப் பெட்டி மட்டும்தான் வந்தது. அந்தக் காற்றோடு.
பாழாய்ப்போன கதவு. இத்தனை நாள் எதற்கு மூடி வைத்தேன்?

மார்ச் 7, காலை 8.10
ஊசி கொஞ்சமாவது வேலை செய்திருக்கும். செய்திருக்க வேண்டும். பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டேன். லிவரை இழுத்துவிட்டேன். சிலிண்டரைத் தாண்டி வண்டிக்கதவு. இதுவும் திறந்துவிட்டது
சீட்டில் சாய்ந்திருக்கிறார்
மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன் இருமுவது இவள் மட்டும்தான்