ரெமேயின் கிளாரினெட்டுக்கு நான் பார்த்த வைத்தியம்

அக்டோபர் 3

பார்சல் வந்துவிட்டது! குட்டித் திருப்புளிகள், ஸ்பிரிங் இழுக்கும் கொக்கி, தக்கைத் தகடு, அரக்குக் குச்சி, கிளாரினெட் சாவிகளுக்கு அடியில் ஒட்டுகிற வட்ட மெத்தைகள், ஸ்பிரிட் விளக்கு. சமையலறை மேசை முழுக்கப் பரப்பிவைத்தேன்.

"இது ஆஸ்பத்திரியா, நாம சாப்பிடுற எடமா?" என்றாள் எம்பார். பெண்டாட்டிக்கு என்ன தெரியும்? என் கிளாரினெட்டில் இரண்டு மெத்தை மாற்றினேன். கச்சிதம்.

அக்டோபர் 9

பேண்டு ஒத்திகையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. ரெமேயின் கிளாரினெட்டில் காற்று ஒழுகுகிறதாம். "வலென்சியா நகரத்துக் கடைக்கு எதுக்கு அனுப்பணும்? நான் இருக்கேன்ல?" என்று வாங்கி வந்தேன்.

மீன்கடை ரெமேய்க்கு ஐம்பத்தெட்டு வயது. மூன்று வருஷம் பொடிசுகளோடு உட்கார்ந்து சுரம் படித்தவள். நவம்பர் 22, இசைக்காரர்களின் புனிதை சாந்தா செசிலியா நாளில், பேண்டு முழுதும் வாசித்துக்கொண்டே அவள் வாசலுக்குப் போய் அவளை அழைத்துவரவேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாங்கள் செய்கிற மரியாதை அது. இப்போதே வாசலுக்கு வெள்ளையடித்துவிட்டாளாம்.

அக்டோபர் 12

கருக்கிவிட்டேன்.

அக்டோபர் 13

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. என்னுடையது மரம், அவளுடையது பிளாஸ்டிக். அரக்கை இளக்க இரண்டுக்கும் ஒரே மாதிரி விளக்கைக் காட்டினேன், மடையன். அடித்துளையின் விளிம்பு இளகி மடிந்துவிட்டது. மெழுகு வைத்து அடைத்து, மேலே புது மெத்தையை ஒட்டினேன். சிகரெட் சுற்றும் தாளை உள்ளே வைத்துச் சாவியை மூடி இழுத்தால் தாள் பிடிக்கவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தது. காற்று இன்னும் ஒழுகுகிறது.

அக்டோபர் 15

கொடுத்துவிட்டேன். சொல்லவில்லை. ஒரு கிலோ கணவாய் தந்தாள். வாங்கிக்கொண்டேனே! எம்பார் அதைப் போட்டுச் சோறாக்கினாள். என் பங்கை அவள் தட்டிலேயே தள்ளிவிட்டேன்.

அக்டோபர் 24

கீழ்ச்சுரம் வரவே இல்லை அவளுக்கு. கீச் கீச்சென்றது. பேண்டு மாஸ்டர் சீமோ குச்சியைக் கீழே வைத்தார். "அவசரமே இல்ல ரெமேய். அடுத்த வருஷம் சேந்துக்கலாம்."

"ஐஸுலயே கெடந்து வெறச்ச வெரலு மாஸ்டர், சொன்ன பேச்சு கேக்குதா?" என்று அவள் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ!

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள். "பத்தீஸ்தே, ஒருவேளை கருவியில ஏதாச்சும்..."

"கருவி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

இது என்ன வாய்?

நவம்பர் 5

எம்பாரிடம் சொல்லி அழுதேன். "எங்கிட்ட அழுது என்ன ஆகப்போவுது? மீன்கடைக்குப் போ."

நவம்பர் 6

போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அரைக் கிலோ இறால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 11

ஒத்திகையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நாற்பது பேர் முன்னால். என் கிளாரினெட்டை அவளிடம் நீட்டினேன். அவள் தொடக்கூட இல்லை.

"கை தவறி உருகிடுச்சு, சரி, போவுது. நான் வாயத் தொறந்து கேட்டேனே? மூணு வாரமா வெந்நீருல வெரல முக்கி முக்கி எடுத்துக்கிட்டு இருக்கேன்யா."

என் கிளாரினெட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

நவம்பர் 13

ஊரின் இன்னொரு பேண்டோடு எங்களுக்கு ஜென்மப் பகை. அவர்களிடம் போய் ரெமேய்க்காக ஒரு கிளாரினெட் இரவல் வாங்கிவந்தார் சீமோ. ஏன் என்று கேட்டார்களாம். சொன்னாராம். மானம் கப்பலேறிவிட்டது.

முதல் ஊதலிலேயே அவளுக்குக் கீழ்ச்சுரம் வந்தது. "நல்ல வெரலுதான்" என்று பட்டியலில் பெயரைத் திரும்ப எழுதினார் சீமோ.

நவம்பர் 22

நான் போகமாட்டேன் என்றேன். எம்பார் சீருடையை இஸ்திரி போட்டுக் கையில் தந்தாள்.

ரெமேயின் வாசலில் நின்று வாசித்தோம். தெருவே கூடியிருந்தது. நீலக் கோட்டுப் பொத்தான்கள் மின்ன இறங்கி வந்தாள். புதியவர்களுக்கு இடம் கடைசி வரிசையில், இரண்டாம் கிளாரினெட் பக்கத்தில். அதாவது என் பக்கத்தில். பதினோரு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

நடந்தோம். நான் நிமிரவில்லை, தரையைப் பார்த்தபடியே ஊதினேன். முதல் திருப்பத்தில் அவள் வாயிலிருந்து கருவியை எடுத்தாள்.

"எடது காலு, பத்தீஸ்தே. எல்லாரும் எடது காலு."

காலை மாற்றிக்கொண்டேன்.