நீ போட்ட ஓட்டையை அடைச்சிட்டாங்க

கோபம் வந்தாலும் பாசம் குறையாத பாபு அண்ணாவுக்கு,

உன் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு வந்தேன். முகப்பேர்ல ஒரு கல்யாண மண்டபத்து மாடியில. பழைய கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கிறவங்க எல்லாம் கூடி, வர்றவங்க கேம் ஆடிப் பார்க்கட்டும்னு வரிசையா வெச்சிருந்தாங்க. அதுல உன்னுதுதான் பளபளன்னு இருந்தது. நீ பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருக்க மாட்ட.

நீ செத்துப் போன பிறகு அண்ணி சேக்காட்டு வீட்டைக் காலி பண்ணிட்டு ஐயப்பன்தாங்கல்ல ஒரு ஃபிளாட்டுக்குப் போயிட்டாங்க. உன் பையன் கார்த்திக்தான் உன் சாமான் எல்லாத்தையும் ஒழிச்சான். டிவியில மாட்டி ஆடுற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை, பழைய கம்ப்யூட்டரைச் சரி பண்ணி வீடியோ போடுற ஒருத்தர் கேட்டாராம். தூக்கிக் கொடுத்துட்டான். என்னை ஒரு வார்த்தை கேக்கல.

வீடியோவை எனக்கு அனுப்பினதும் அவன்தான். அந்த மனுஷன் மூடியைக் கழட்டுறார். நீ இழுத்த வயரெல்லாம் தெரியுது. "எவனோ கை வெச்சு நாசம் பண்ணி வெச்சிருக்கான் பாருங்க"ன்னு சிரிச்சிக்கினே ஒவ்வொண்ணாப் பிடுங்குறார். பக்கவாட்டுல நீ போட்ட ஓட்டையைப் பசை வெச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, "இப்போ கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கு"ங்கிறார். கீழே வரிசையா பாராட்டு.

நாசமா அண்ணா அது?

அம்பத்தூர் எஸ்டேட்ல நான் வேலை செஞ்ச கம்பெனியில, தகடு வெட்டுற பிரஸ் மெஷின் என் வலது கை விரல்களை எடுத்த வருஷம் நான் யார்கூடவும் பேசாம படுத்துக் கிடந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரங்க, "இனிமே இவளை யாரு கட்டிப்பா"ன்னு என் காது படவே பேசினாங்க. நீ எதுவுமே பேசல. எங்கிருந்தோ ஒரு தையல் மெஷின் மோட்டாரோட கால் மிதியைக் கொண்டாந்து, ஆசையா வெச்சிருந்த கம்ப்யூட்டர்ல ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டே.

"இன்னாத்துக்கு இது?"ன்னு கேட்டேன்.

"குதிக்கிறதுக்கு ஒரு பட்டன் வேணும்ல, அதைக் காலால அமுக்கு. இடது கையால நகத்து. வா, உக்காரு"ன்னே.

லேசுல ஒத்து வரல அது. ஒரு கேம்ல குதிக்க ஒரு பட்டன், இன்னொண்ணுல வேற பட்டன். சிலதுக்குக் கீபோர்டே ஆகாது, ஜாய்ஸ்டிக்தான். கேமுக்குத் தக்கபடி மாத்திக்கிற மாதிரி ஃபேன் ரெகுலேட்டர் போல ஒரு திருகு வெச்சே. கேசட்ல இருந்து கேம் கம்ப்யூட்டர்ல ஏறுற வரைக்கும் டேப் போடுற இரைச்சலைக் கேட்டுக்கினு ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம். ஒரு நாள் உன்னை ஜெயிச்சேன். "எம்மா, கால்ல ஆடி என்னை அடிச்சிட்டாம்மா"ன்னு சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினே. கை போன பிறகு நான் முதல்ல சிரிச்சது அன்னிக்குத்தான்.

மண்டபத்துல அந்த வீடியோக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஆடுங்க மேடம்"னார். வலது கையை முந்தானைக்குள்ளே வெச்சிக்கினு இடது கையால ஆடினேன். பொம்மை ஓடுச்சு, பள்ளத்துல விழுந்துச்சு. திரும்பவும் விழுந்துச்சு. என் கால் வெறும் தரையை அமுக்கிக்கினே இருந்தது.

"இந்தப் பக்கம் ஒரு ஓட்டை இருந்ததே?"

"அடைச்சிட்டேன் மேடம். தெரியவே இல்ல பாருங்க."

முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினேன். "எங்க அண்ணன் போட்டது. இதுக்காகப் போட்டார்."

அவர் முகம் செத்துப் போச்சு. "யாரும் எங்கிட்ட சொல்லலையே மேடம்." மிதி எங்கேன்னு கேட்டேன். பழைய இரும்புக்குப் போயிடுச்சாம். கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சவர், "நீங்க வந்து இதைச் சொன்னா இன்னொரு வீடியோ எடுக்கலாம் மேடம். நல்லாப் போகும்"னார். எழுந்து வந்துட்டேன்.

பஸ்ல வரும்போது கார்த்திக்குக்குப் போன் போட்டேன். "சத்தியமா எனக்குத் தெரியாது அத்தை. அப்பா சும்மா நோண்டி வெச்சிருக்கார்னுதான் நெனச்சேன்"னான். அப்போதான் எனக்கு அவங்க ரெண்டு பேர் மேல இருந்த கோபம் போய் உன் மேல வந்தது.

அவனுக்கு எப்படித் தெரியும்? என் கையைப் பத்தி வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவன் நீ. "அத்தைக்கு என்ன ஆச்சு"ன்னு சின்ன வயசுல கேட்டவனை அதட்டி உக்கார வெச்சே. அன்னிலேருந்து அவன் என் கையைப் பார்க்காம பேசவே பழகிட்டான். எனக்கு வலிக்கக் கூடாதுன்னு நெனச்சே, சரி. ஆனா அதோட சேர்த்து நீ செஞ்சதையும் இல்ல மறைச்சிட்டே? செத்த பிறகு எவனோன்னு உன்னை ஒருத்தர் சொல்றார், உன் பையனும் அதைப் பார்த்துட்டு எனக்கு அனுப்புறான். இது உனக்குத் தேவையா அண்ணா?

வர்ற ஞாயித்துக்கிழமை ஐயப்பன்தாங்கல் போறேன். அண்ணி சோறு போடுவாங்க. கார்த்திக் வழக்கம்போல தட்டைப் பார்த்துக்கினு சாப்பிடுவான். அவன் எதிர்ல உக்காந்து கையை மேஜை மேல வெப்பேன். "நிமிர்ந்து பாருடா. இது இப்படி ஆனப்போ உங்கப்பா என்ன செஞ்சார்னு சொல்றேன்"னு ஆரம்பிப்பேன். கடைசி வரைக்கும் சொல்லிட்டுத்தான் எழுந்திருப்பேன். நீ போட்ட சட்டம் அன்னியோட முடிஞ்சது. தடுக்கணும்னா நேர்ல வந்து தடு.

உன் கூடப் பொறந்தவ,
மலர்