ஒரிஜினல் லெதர்

சத்துவாச்சாரி, வேலூர்
12.9.2024

திரு. சத்தார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கைப்பேசிக்கு மூன்று முறை முயன்றேன். மணி அடிப்பதற்கு முன்பே துண்டித்துக்கொள்கிறது. ஆகவே தபாலில் எழுதுகிறேன்.

நீங்கள் இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கும் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வாங்க, பெங்களூரில் கௌதம் என்பவர் விரும்புகிறார். பழைய கார்கள் சேர்ப்பவர். பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை நேரில் பார்த்து, அதன் நிலைமையும் மதிப்பும் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வேலையை விட்ட பிறகு இதைத்தான் செய்துவருகிறேன்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். நீங்களும் நானும் ஆம்பூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் என்பது ஒன்று. 1999-ல் உங்கள் தோல் கிடங்கு எரிந்தபோது நஷ்டத்தை மதிப்பிட்டவன் நான் என்பது இன்னொன்று. நீங்கள் பதினெட்டு லட்சம் கேட்டீர்கள், நான் பதினொன்று எழுதினேன், அதன் பிறகு நாம் பேசிக்கொள்வதில்லை என்பதையும் மறைக்கவில்லை. "அப்படின்னா நீங்களே போங்க சார்" என்றார்.

உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். விலகிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கோ. சாமிநாதன்


ஆம்பூர்
16.9.2024

உயர்திரு சர்வேயர் அவர்களுக்கு,

என் போனில் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் எண்ணை என் மகள் ஹுமேராவைக் கொண்டு அடைத்து வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

ஆட்சேபம் இல்லை. வந்து பாருங்கள். கார் என்னுடைய பழைய தோல் பதனிடும் டேனரி ஷெட்டில் நிற்கிறது. அந்த இடத்தை விற்றாயிற்று. அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். காரை நிறுத்த வீட்டில் இடமில்லை. காயலாங்கடைக்காரன் ஒருவன் வாரத்துக்கு இரண்டு முறை வந்து ஷெட் வாசலில் நிற்கிறான். "இன்னா பாய், இதுக்குப் போய் ஆறரை லட்சம் போட்டுகினு கீறீங்க? முப்பத்தஞ்சாயிரம் குடுக்குறேன். நாளைக்கே ஆளை இட்டாந்து வெட்டி எடுத்துகினு போய்ட்றேன்" என்கிறான். வெட்டுவதற்கு பக்ரீத்துக்கு ஆடு தருகிறேன், கார் தர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

விளம்பரத்தை ஹுமேரா ஏற்றினாள். சொற்கள் என்னுடையவை. "ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வண்டி. துரு கிடையாது. ஒரிஜினல் லெதர் சீட்." ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. இதற்கும் எவ்வளவு கம்மி செய்வீர்கள் என்று பார்க்கிறேன்.

நீங்கள் வரப்போவது தெரிந்ததும் என் மனைவி அஜீஸுன்னிசா சம்சாவுக்கு என்ன வாங்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு 1999 மறந்துவிட்டது. எனக்கு இல்லை.

சத்தார்


சத்துவாச்சாரி, வேலூர்
24.9.2024

திரு. சத்தார் அவர்களுக்கு,

சனிக்கிழமை வண்டியைப் பார்க்க அனுமதித்ததற்கு நன்றி. கௌதம் சம்மதித்ததால் அறிக்கையின் சாரத்தை உங்களுக்கும் அனுப்புகிறேன்.

எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றன. எஞ்சின் இறுகிப் போகவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது. புது பேட்டரி கொடுத்ததும் ஐந்தாவது முயற்சியில் ஓடியது. நான்கு சிலிண்டர்களில் மூன்று நன்றாக இருக்கின்றன. கார்புரேட்டர் வேறு வண்டியுடையது. முன்பக்கம் முழுதாகத் தூக்கித் திறக்கும் பானெட் நேராக உட்காருகிறது. இந்த மாடலில் அது அபூர்வம்.

"துரு கிடையாது" என்பது சரியில்லை. ஓட்டுநர் பக்கக் கதவின் கீழ் விளிம்பிலும் டிக்கியின் இரு மூலைகளிலும் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தபோது, தகட்டில் ஒட்டுவது போல ஒட்டாமல் நழுவி விழுந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அடியில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் வரும் இரும்புக் கைகளில் இரண்டு அரித்துப் போயிருக்கின்றன. வெட்டி ஒட்ட வேண்டும்.

"ஒரிஜினல் லெதர் சீட்" என்பது உண்மைக்குப் புறம்பானது. இந்த வண்டிக்குத் தொழிற்சாலை பொருத்தியது ரெக்ஸின். தோல் பிற்பாடு போட்டது. பழையபடி மாற்றும் செலவாக நாற்பதாயிரம் கழித்திருக்கிறேன்.

இன்றைய நிலையில் மதிப்பு: இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.

உங்கள் வீட்டில் வருத்தப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆய்வுக்குப் போகும் இடத்தில் தண்ணீர் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கோ. சாமிநாதன்


ஆம்பூர்
28.9.2024

சர்வேயர் அவர்களுக்கு,

உண்மைக்குப் புறம்பு. 1999-ல் நீங்கள் எழுதிய காகிதத்திலும் இதே இரண்டு சொற்கள் இருந்தன. வேறு சொல் கற்றுக்கொள்ள இருபத்தைந்து வருஷம் போதவில்லையா?

துருவுக்கு நான் சண்டைக்கு வரவில்லை. பட்டி வைத்தது பெயின்டர் ஷோயப். என்னிடம் தகடு மாற்றியதாகச் சொன்னான். நேற்றுக் கேட்டால், "பாய், நீங்க குடுத்த காசுக்கு அதான் வரும்" என்கிறான். காந்தம் விழுந்தது விழுந்ததுதான். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்பதையும் கசப்பு மருந்து போல விழுங்கிக்கொண்டேன்.

ஆனால் தோல் விஷயத்தில் விட மாட்டேன். ஆம்பூர் பஸ் நிலையத்தில் எவனையாவது நிறுத்தி ஒரிஜினல் லெதர் என்றால் என்ன என்று கேளுங்கள். ரெக்ஸின் இல்லை, போலி இல்லை, அசல் தோல் என்பான். ஓரத்தில் தீக்குச்சி வைத்துக் காட்டுவான். முடி கருகும் வாசனை வந்தால் ஒரிஜினல். அதைத்தான் எழுதினேன். அது எருமைக் கன்றுத் தோல். என் டேனரியில் பதனிடும் டிரம்மில் ஓடியது. வெளிநாட்டுக்குக் கட்டி வைத்திருந்ததிலிருந்து முதல் ரகமாக நானே பொறுக்கி, 1988-ல் தைக்கக் கொடுத்தேன். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு வெடிப்பு உண்டா?

அதைப் போட்டதற்கு எனக்கு நாற்பதாயிரம் அபராதம். ரெக்ஸின் உசத்தி, தோல் மட்டம் என்று தீர்ப்பு எழுதியவர் ஆம்பூரில் பிறந்தவர் என்று வெளியே சொல்லாதீர்கள். ஊருக்குக் கேவலம்.

அஜீஸுன்னிசா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "ஒரு சாயா கூட குடிக்காம போய்ட்டாரே. காரைப் பார்க்க வந்தவரு நம்ம மூஞ்சியைப் பார்க்க மாட்டாரா?"

சத்தார்


சத்துவாச்சாரி, வேலூர்
7.10.2024

சத்தார் பாய்க்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

பழைய கார் வாங்குகிறவர்களிடம் ஒரிஜினல் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருப்பது. ஓட்டை விழுந்த ரெக்ஸினாக இருந்தாலும் அதுதான் ஒரிஜினல். உங்கள் தொழிலில் ஒரிஜினல் என்றால் அசல் தோல். விளம்பரத்தைக் கார்க்காரனாக மட்டும் படித்திருக்கிறேன். "விற்பவர் எழுதியது தோல் தொழிலில் வழங்கும் பொருளில் உண்மை. அவர் எதையும் திரித்துச் சொல்லவில்லை" என்று அறிக்கையில் திருத்தம் செய்து கௌதமுக்கு அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன்.

தொகையைத் திருத்தவில்லை. ரெக்ஸினுக்கு மாற்ற ஆகும் செலவு குறையவில்லை.

கௌதம் விலகிக்கொண்டார். திருத்தத்தால் அல்ல, அவருக்குத் தொழிற்சாலைக் கோலத்தில்தான் வண்டி வேண்டும். அறிக்கையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். எனக்கும் சம்மதம்.

1999 பற்றி. அன்றும் சரக்கின் கணக்கைத்தான் எழுதினேன், மனிதரை அல்ல. அதே கிடங்கு, அதே சாம்பல், அதே ரசீதுகள் என்றால் இன்றும் பதினொன்றுதான் எழுதுவேன். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதிய திருத்தத்துக்கு மரியாதை இருக்காது.

மாத முடிவு நெருங்குகிறது. வெட்டிய பிறகு அந்த பானெட்டுக்கு இன்னொன்று கிடைக்காது. வேறு வழி பாருங்கள்.

கோ. சாமிநாதன்


ஆம்பூர்
19.10.2024

சாமிநாதனுக்கு,

அதே பதினொன்று எழுதினால் நானும் அதே இருபத்தைந்து வருஷம் பேசாமல் இருப்பேன். அது அங்கேயே கிடக்கட்டும்.

வண்டியைப் பார்க்க வந்த அன்றைக்கு உங்களிடம் சொல்லாத ஒன்று. நீங்கள் கோணியை விரித்து, எழுபத்து நான்கு வயதில், மல்லாந்து காருக்கு அடியில் போனீர்கள். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. செருப்பு வாரில் ஆணி அடித்திருந்தது. உள்ளே இருந்து டார்ச் வெளிச்சம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நாங்களும் தோலை அப்படித்தான் பார்ப்போம். முகப்பக்கம் மெருகு போட்டு யாரையும் ஏமாற்றலாம். திருப்பிச் சதைப்பக்கம் பார்த்தால்தான் மாடு என்ன தின்றது என்பது வரை தெரியும். அடியில் போகாமல் மேலே தடவிப் பார்த்துவிட்டு நாலு லட்சம் என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். மரியாதை வந்திருக்காது.

பழைய விளம்பரத்தை எடுத்துவிட்டேன். புதிதாக உங்கள் அறிக்கையை ஒரு எழுத்து விடாமல், திருத்தத்தோடு, போட்டாயிற்று. அரித்த இடங்களுக்குத் தனித்தனியாகப் படம். விலை இரண்டு எண்பது. ஹுமேரா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட சொத்தைப் பல்லை எண்ணிக் காட்டுவாங்களா?" என்றாள். பொண்ணு கிழவியாக இருந்தால் காட்டலாம் என்றேன்.

எல்லாவற்றுக்கும் மேலே நானாக இரண்டு வரி சேர்த்தேன். கோபித்துக்கொண்டாலும் எடுக்கப் போவதில்லை:

"இதை எழுதிய சர்வேயர் 1999-ல் என் ஃபயர் கிளெய்மில் ஏழு லட்சம் வெட்டியவர். அவர் கண்ணில் பட்ட குறை இவ்வளவுதான் என்றால், இதற்கு மேல் இந்த வண்டியில் குறை இல்லை."

காயலாங்கடைக்காரனை முப்பதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஆட்டைப் பற்றிப் பேசவில்லை.

சத்தார்


சத்துவாச்சாரி, வேலூர்
2.11.2024

சத்தார் பாய்க்கு,

முப்பத்தொன்று கழிந்துவிட்டது. விளம்பரத்தைத் தேடினேன், காணவில்லை. விற்றதா, வெட்டியதா என்று அதில் தெரியாது.

ஒரு வரி எழுதுங்கள்.

சாமிநாதன்


ஆம்பூர்
8.11.2024

டேய் சாமி,

விற்றது.

மெர்சி என்று ஒரு பல் டாக்டர். திருச்சிக்காரி, நாற்பது வயதிருக்கும். இருபத்தெட்டாம் தேதி மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வந்தாள். கையில் உன் அறிக்கையை அச்செடுத்து வைத்திருந்தாள். மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தான். அறிக்கையில் இல்லாத குறை ஒன்றும் அவனுக்குக் கிடைக்கவில்லை. பேரம் பேசத் தொடங்கினான். அந்தம்மா அவனை அடக்கிவிட்டாள். "அங்கிள், நான் பார்த்த எல்லா விளம்பரத்துலயும் துரு இல்லைன்னுதான் போட்டிருந்தாங்க. எங்கெங்க இருக்குன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். இரண்டு எண்பது, ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மறுநாள் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

முப்பதாம் தேதி காயலாங்கடைக்காரன் காஸ் கட்டரோடு வந்தான். காலி ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், பேஜார் பண்ட்டீங்களே" என்றான். சாயா கொடுத்தேன். அவன் குடித்தான். உன்னைப் போல இல்லை.

ஒன்று நீ சொன்னபடிதான் நடந்தது. அந்தம்மாவுக்கும் ரெக்ஸின்தான் வேண்டுமாம். "கோவிச்சுக்காதீங்க அங்கிள், சீட் கவரைக் கழட்டி இங்கயே வச்சுட்டுப் போயிடட்டுமா?" என்று பயந்து பயந்து கேட்டாள். நானே பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்துக் கொடுத்தேன்.

நீ நாற்பதாயிரம் கழித்த தோலை ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் அப்துல் ஹமீதிடம் கொண்டுபோனேன். தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி இப்ப வர்றதில்ல பாய், யாருக்கு?" என்றான். பேர் சொல்லவில்லை. அளவு மட்டும் சொன்னேன், எட்டு. பத்தாம் வகுப்பில் மசூதி வாசலில் நான் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நீ. அளவு மறக்குமா?

பார்சலில் இருக்கிறது. உனக்கு ஒரு செருப்பு தர வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நினைத்தது வேறு விதமாக.

ஆணி அடித்த அந்தப் பழசைத் தூக்கிப் போடு.

சத்தார்


சத்துவாச்சாரி, வேலூர்
13.11.2024

சத்தாரு,

பார்சல் வந்தது. முதலில் திருப்பித்தான் பார்த்தேன்.

தையல் நேராக இருக்கிறது. வார் உள்பக்கத்தில் மெருகு எதுவும் பூசவில்லை. ஓரத்தில் நூலளவு தோல் சீவி எடுத்துத் தீக்குச்சி வைத்தேன். ஒரிஜினல்தான்.

இடது கால் சரியாக உட்காருகிறது. வலது கால் சுண்டுவிரல் பக்கம் கடிக்கிறது. தைத்தவர் மேல் குற்றமில்லை. என் கால் இப்போது ஒரிஜினல் அளவில் இல்லை.

சனிக்கிழமை அதையே போட்டுக்கொண்டு ஆம்பூருக்கு வருகிறேன். ஆய்வு எதுவும் இல்லை, சம்சா சாப்பிடலாம் என்று உன் வீட்டில் சொல்லிவிடு.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூப்பிடுவேன். நேற்றும் கூப்பிட்டுப் பார்த்தேன், இன்னும் துண்டித்துக்கொள்கிறது. ஹுமேராவிடம் சொல்லி அந்த அடைப்பை எடு.

சாமி