மாமாவின் நாற்பதாம் நாளுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள்

மேல் மெலிசி,
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அசிமினாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்காலைத் தவிர. அதனோடு நான் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டேன். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, அங்கே குளிராம், இங்கே இன்னும் கல்லே வியர்க்கிறது.

ஸ்தமாத்திஸ் மாமாவின் நாற்பதாம் நாள் பூசை முடிந்தது. லீவு கிடைக்காமல் நீ வர முடியாததால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். மாமா போனதிலிருந்து உன் பொலிக்சேனி அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பற்றிப் பேசியது, உன் அம்மா பொத்தாமலே பேசினாள். கூடப்பிறந்தவன் ஆயிற்றே என்று நான் போய் உட்கார்ந்தால், "போ சரந்திஸ், உனக்கு வேற வேலையே இல்லையா" என்பாள், அவ்வளவுதான். சாப்பாடும் குறைந்து, அந்தக் கறுப்பு உடைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது. புருஷன் பின்னாலேயே கிளம்பிவிடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

பூசை முடிந்து சதுக்கத்து மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து, அவித்த கோதுமையில் மாதுளையும் பாதாமும் சர்க்கரையும் கலந்து கொடுப்பார்களே, அதைத் தின்று பிராந்தி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது கடற்கரை ஓட்டலிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பாரம்பரிய கிராமம் காட்டுகிறேன் என்று வழிகாட்டிப் பெண் சுற்றுலாக்காரர்களைக் கூட்டி வந்திருக்கிறாள். பாதிப் பேர் குளிக்கிற உடுப்பிலேயே இறங்கினார்கள். மணி அடிக்கிறது, ஊரே கறுப்பில் இருக்கிறது, இதெல்லாம் தங்களுக்காக ஏற்பாடு செய்த விழா என்று நினைத்துவிட்டார்கள் போல, வந்து மேசையில் உட்கார்ந்து கோதுமையைத் தின்று இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினால், நம் அநெஸ்திஸ் பாதிரியார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார். நான் துரத்தப் போனேன், உன் அம்மா விடவில்லை. "துக்கத்துக்கு வந்தவங்கள வெரட்டுவாங்களா" என்று அவர்களுக்கும் பிராந்தி ஊற்றினாள். குடித்ததும் இரண்டு பேர் தோளில் கைபோட்டு ஆட எழுந்தார்கள். அதற்குமேல் தாங்காமல் வழிகாட்டிப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்து அவர்களிடம் சொல்ல, ஆடின கால் அப்படியே நின்றது.

அவர்களில் ஒரு கிழவர், வெயிலில் நண்டாகச் சிவந்தவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு அத்தை முன்னால் போய் நின்று தன் மொழியில் ஏதோ சொன்னார். ஒருவருக்கும் புரியவில்லை. அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்து, நாற்காலியைத் தள்ளி, "உக்காருய்யா" என்றாள். பிறகு தொடங்கினாள். "எத்தனை வருஷம் கேட்டேன்யா, படகுக்கு ஏன் கிரிசூலான்னு பேரு வச்சே, யாரு அந்தப் பொம்பளைன்னு. வாங்கும்போதே எழுதியிருந்துச்சுங்கறான். புதுப் படகுய்யா அது, எங்கப்பன் வாங்கிக் குடுத்தது. சொல்லாமலே செத்துட்டான் கழுதை. காலையில எந்திரிச்சா என் கை ரெண்டு காபி போடுது. ஒண்ணத் தொட்டியில கொட்டறேன். நீயே சொல்லு, இது நியாயமா?"

அந்த மனிதர் நன்றாக யோசித்து, நம் மொழியில் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை எடுத்து, "காலை வணக்கம்" என்றார், மதியம் மூன்று மணிக்கு. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, மேசையில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கோதுமையை மென்றது.

இப்போது அத்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். சாயங்காலம் கடற்கரைக்கு இறங்கிப் போய், குடைக்குக் கீழே தனியாகப் படுத்திருக்கிற வெளிநாட்டான் எவனையாவது பிடித்துக்கொண்டு மாமாவைத் திட்டித் தீர்க்கிறாள். நான் பக்கத்தில் போனால், "உனக்கு மொழி தெரியும், அந்தாண்ட போ" என்கிறாள்.

வியாழக்கிழமை நானும் போனேன், சிரிக்காதே. டென்மார்க்குக்காரன் ஒருவன் கிடைத்தான். பொறுமைசாலி, தர்ப்பூசணி நறுக்கிக் கொடுத்து இருட்டும்வரை கேட்டான். அவனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, உன் பெயரைத் தவிர. அது அத்தனை தடவை வந்துவிட்டது.

கடவுளின் தாய் உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும். வயிறாரச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஈஸ்டருக்கு லீவு இப்போதே கேட்டு வை.

உன் அப்பா,
சரந்திஸ்