சிலுவைக்குக் கிழக்கே எடுத்த மண்

யாசெனிவ்கா முகாம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஓரெஸ்ட்,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே எப்படி என்று வழக்கம்போலக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதம் கிடைத்ததிலிருந்து டொராண்டோவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் உன் அப்பா தூங்கட்டும் என்று சத்தத்தை அடைத்து வைத்திருப்பாய் என நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு துணிப் பொட்டலம் வருகிறது. போன தடவை மாதிரியே, சுங்கத்தில் தடுக்காமல் இருக்க, மேலே ‘தேயிலை’ என்று எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் நான் அனுப்பிய தகர டப்பாவில் இருப்பது உன் அத்தை பராஸ்காவின் கல்லறை மண் இல்லை. அதை அப்பாவோடு சவப்பெட்டியில் வைத்துவிடாதே.

நீ என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

ராணுவம் ஊரையே வண்டியில் ஏற்றி விரட்டிய பிறகு, கல்லறைகளைச் செப்பனிட நாங்கள் முகாம் போடும்வரை இந்த இடுகாட்டில் மனிதக் கால் பட்டதில்லை. நீ வந்திருந்த வருஷம் மேல் பாதியைத்தான் சுத்தம் செய்தோம். இந்த வருஷம் கீழ்ப் பக்கம் இறங்கினோம். முட்புதர், ஹேசல் மரத்து வேர், ஒரே காடு. அந்த வேருக்கு அடியில் ஒரு சிலுவை குப்புறக் கிடந்தது. புரட்டித் தேய்த்தால் பராஸ்கா என்று பெயர். குழந்தையிலேயே செத்துப்போன, அப்பா எழுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த தங்கை. நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன் என்று போனில் சொன்னேனே, அது பொய்யில்லை.

சங்கிலி கட்டித் தூக்கி, சுண்ணாம்புக் காரை வைத்து, உடைந்து கிடந்த பீடத்தின் மேலேயே சிலுவையை நிறுத்தினோம். அதுவரை ஒரு குறையும் இல்லை. மண் எடுக்கும்போதுதான் தவறினேன். எங்கள் ஊர்க் கல்லறைகளில் சிலுவை தலைமாட்டில் நிற்கும், ஆள் அதற்குக் கிழக்கே கிடப்பார். அதே நினைப்பில் சிலுவைக்குக் கிழக்கே தோண்டி ஒரு கைப்பிடி அள்ளினேன். அங்கே மட்டும் கசகசாச் செடி பூத்து நின்றது. குழந்தைக்கு யாரோ பூ வைத்த மாதிரி இருக்கிறது என்றுகூடச் சொன்னேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வேருக்கு நடுவே மண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. கோடைதான், ஆனாலும் விரல் விறைக்கிற அளவுக்கு அது சில்லிட்டிருந்தது. இதை அப்போது உனக்குச் சொல்லவில்லை.

டப்பாவைத் தபாலில் போட்ட பிறகுதான் மெலானியா வந்து சேர்ந்தாள். கோர்லிட்சே பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், உனக்கு நினைவிருக்கும். இங்கிருந்து விரட்டப்பட்ட உங்கள் லெம்கோ ஜனத்தில் எங்கள் முகாமுக்கு வருகிற ஒரே ஆள். மகள் கல்யாணத்தால் இந்த வருஷம் தாமதம். எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கிழித்தாள். “ஏன்யா, கொழந்தை தலைமேல நின்னுக்கிட்டா இவ்ளோ நாளா போட்டோ புடிச்சீங்க? எங்க ஊர்ல சிலுவை கால்மாட்டுலதான் நிக்கும். கடைசி நாள்ல எந்திரிக்கிறப்ப கண்ணுக்கு எதிர்க்க சிலுவை இருக்கணும்ல? படிச்சவங்கதானே எல்லாரும், ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

அப்படியென்றால் பராஸ்கா சிலுவைக்கு மேற்கே. கிழக்கே இருப்பது யார் என்று கேட்டேன். அவள் அந்தச் செடிகளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு திட்டவில்லை. சூப்பில் உப்பு கூடினாலே ஒரு மணி நேரம் பேசுகிறவள், முகாம் பையன்களை அங்கிருந்து தள்ளிப்போகச் சொல்லிக் கையை மட்டும் காட்டினாள்.

“மண்ணு ஏதாச்சும் எடுத்தீங்களா?” என்றாள்.

ஒரு கைப்பிடி என்றேன்.

“அது இடுகாடே இல்ல, ஒல்கியெர்ட். வேலி இங்கயே முடிஞ்சிருக்கு. அந்தாளை வேலிக்கு வெளிய பொதைச்சிருக்காங்க. யாருன்னு எங்கம்மா சொல்லியிருக்கா, ஆனா நான் பேரைச் சொல்ல மாட்டேன். பொதைச்ச பின்னாடியும் வீட்டுக் கதவைத் தட்டினவன். அதான் குழியைத் தோண்டி அவன்மேல மூட்டை மூட்டையா கசகசாவைக் கொட்டியிருக்காங்க. எண்ணி முடிச்சாத்தான் அவன் எந்திரிக்கலாம். ஒண்ணு விட்டுப்போனாலும் மறுபடி மொதல்லேர்ந்து எண்ணணும்.”

நான் சிரித்தேன். டீச்சர், நீங்களுமா என்றேன்.

“நான் எதையும் நம்புறவ இல்ல. ஆனா கணக்கைப் பாரு. அவன் எண்ணுறதுல ஒரு பிடியை நீ அள்ளிக் கடல் தாண்டி அனுப்பிட்ட. மிச்சம் எங்கன்னு அவன் தேடுவானா மாட்டானா?”

அன்றோடு அதை மறந்துவிடத்தான் பார்த்தேன். அதன் பிறகுதான் உன் கடிதம் வந்தது. அப்பா டப்பாவைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இராப்பகலாக எதையோ எண்ணுகிறார், நடுவில் யாராவது பேசினால் கோபித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குகிறார், கால்மாட்டில் யாரோ நின்று ‘மீதியைக் கொடு’ என்று கேட்பதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். மருந்தின் வேலை என்றும் எழுதியிருந்தாய். இருக்கட்டும். மெலானியாவிடம் நான் உன் அப்பாவைப் பற்றி மூச்சுக்கூட விட்டதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

அந்தக் கசகசாச் செடிகள் ஒரே நாளில் சாய்ந்துவிட்டன. நான் தோண்டிய குழியை இரண்டு தடவை மூடினேன். காலையில் பார்த்தால் மண் உள்ளே இறங்கியிருக்கிறது. எலி வளை என்று பையன்கள் சொல்கிறார்கள். எலியாகவே இருக்கட்டும்.

இன்று காலை வெயில் ஏறிய பிறகு மெலானியா ஜெபம் சொல்ல, நான் சிலுவைக்கு மேற்கே தோண்டினேன். அங்கே மஞ்சள் களிமண். கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. பொட்டலத்தில் இருப்பது அதுதான். இது பராஸ்கா, சத்தியமாகப் பராஸ்கா.

பழைய டப்பாவைத் திறக்காதே. குப்பையிலோ ஏரியிலோ போடாதே. உன் மகள் படுக்கிற அறைக்குள் அது போகவே கூடாது. மெழுகால் மூடி எனக்கே திருப்பி அனுப்பு. எடுத்தவன் நான், அவன் இடத்தில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, பகலில் போடுவேன்.

அப்பா டப்பாவை விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். தங்கை கையைப் பிடித்திருப்பதாக நினைத்துப் பிடித்திருக்கிறார். அதனால் பிடுங்காதே. முதலில் இந்தப் பொட்டலத்தை அவர் கையில் வை. “அப்பா, பராஸ்கா வந்துட்டா” என்று உங்கள் பாஷையில் அவர் காதில் சொல். அவர் விரல் தானாகத் தளரும்போது அதை எடு.

இது வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தால், டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது. அவரோடு உள்ளே போயிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. நானும் மெலானியாவும் விமானம் ஏறி வருகிறோம். அந்த மனுஷன் எட்டு வயதிலிருந்து ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தவர். போகும்போது அவளோடு போகட்டும், ஓரெஸ்ட். அவனோடு அனுப்பிவிடாதே.

கடவுள் உங்கள் வாசலைக் காக்கட்டும். போனை எடு.

உன்
ஒல்கியெர்ட்