கறுப்புத் திரை

12.3.97, புதன்

எங்கள் ஜாதகக் கடைக் கம்ப்யூட்டரில் மகன் ஆள் வைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டான். ஏழு வருடமாகக் கறுப்புத் திரையில், எழுத்துகளை மனப்பாடமாகத் தட்டியே ஜாதகம் எடுத்தவள் நான். இன்று மவுஸ் கைக்கு அடங்கவில்லை. கொள்ளேகாலிலிருந்து ஜாதகம் எடுக்க வந்த பெண்வீட்டார் எதிரிலேயே, "எந்திரிம்மா, இனி அவ பாத்துக்குவா" என்றான். மருமகள் சிரித்தாள்.

அவளுக்கும் ஜாதகம் எடுக்க வரவில்லை. விண்டோஸ் போட வந்தவன் கறுப்புத் திரையை ஒருமுறை திறந்ததைப் பார்த்திருந்தேன். அவன் அழுத்திய பொத்தான்களையே வரிசையாக அழுத்தினேன். திரை கறுத்தது. பழையபடி தட்டினேன். பிரிண்டர் கிறீச்சென்று ஓடியது.

"எப்பிடித் தெரியும் அத்தே?"

"ஒரு தடவ பாத்தா போதும்டி. உன் சிரிப்பையுந்தான் பாத்தேன்."

மவுஸையும் கற்றுக்கொள்வேன், இவர்களிடம் கேட்காமலே. நாளை கடை திறக்கும்போது அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.